சிவப்புக் கொடியிலிருந்து சீட் பெல்ட் வரை: பிரிட்டன் சாலைச் சாவுகளைக் குறைத்த கதை

சாலை விபத்தில் ஒருவர் இறந்துபோனால் நாம் வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் இரண்டுதான். ஒன்று விதி. இன்னொன்று டிரைவர். "அவன் நேரம் அப்படி" என்போம், இல்லாவிட்டால் "கண்ணு மண்ணு தெரியாம ஓட்டியிருக்கான்" என்போம். மூன்றாவதாக ஒன்று இருக்கிறது, அதைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. அரசாங்கம் என்ன சட்டம் போட்டது, போட்டதை அமல்படுத்தியதா என்பதுதான் அது.

அதைப் பற்றிப் பேச பிரிட்டன் ஒரு நல்ல உதாரணம். காரணம், அவர்கள் 1926லிருந்தே நாடு முழுவதும் சாலைச் சாவுகளை வருடா வருடம் எண்ணி வைத்திருக்கிறார்கள். 1934ல் அங்கே ஓடிய மோட்டார் வாகனங்கள் சுமார் 24 லட்சம். அந்த ஒரு வருடத்தில் சாலையில் இறந்தவர்கள் 7,343 பேர். 2023ல் வாகனங்கள் 4 கோடிக்கும் மேல். இறந்தவர்கள் 1,624 பேர். (இரண்டுமே வட அயர்லாந்து நீங்கலான கணக்கு.) வண்டிகள் ஏறக்குறைய பதினேழு மடங்கு கூடியிருக்கின்றன, சாவுகளோ நான்கில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டன.

இது எப்படி நடந்தது? ஒரே நாளில் நடக்கவில்லை, நேர்கோட்டிலும் நடக்கவில்லை. போட்ட சட்டத்தை அவர்களே திரும்பப் பெற்றிருக்கிறார்கள், மறுபடியும் போட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் "இது எங்கள் சுதந்திரத்தில் தலையிடுவது" என்று பெரிய சண்டை நடந்திருக்கிறது. அந்தச் சண்டைகளின் கதைதான் இந்தக் கட்டுரை.

முதல் சாவு

1865ல் பிரிட்டனில் ஒரு சட்டம் இருந்தது. குதிரை இல்லாமல் ஓடும் எந்த வண்டியும் (அப்போது நீராவி வண்டிகள்தான்) ஊருக்குள் மணிக்கு 2 மைல், வெளியே 4 மைல் வேகத்தில்தான் போகலாம். வண்டிக்கு முன்னால் ஒரு ஆள் சிவப்புக் கொடி பிடித்து நடக்க வேண்டும்! கொடி பிடிக்கும் கட்டாயம் 1878ல் தளர்ந்தது. ஆனால் ஆள் முன்னால் நடப்பது 1896 வரை நீடித்தது. இன்றைக்குக் கேட்டால் சிரிப்பு வரும். கார் வாங்கிய பணக்காரர்களுக்கு அன்றைக்கு எரிச்சல் வந்தது. அவர்கள் அரசை நெருக்கி, 1896 நவம்பரில் வேக வரம்பை 14 மைலாக உயர்த்த வைத்தார்கள். அந்த மகிழ்ச்சியில் லண்டனிலிருந்து பிரைட்டனுக்கு ஊர்வலமாகக் கார் ஓட்டிப் போனார்கள்.

அதற்கு மூன்று மாதம் முன்பு, 1896 ஆகஸ்ட் 17 அன்று, லண்டன் கிரிஸ்டல் பேலஸ் வளாகத்தில் பிரிட்ஜெட் டிரிஸ்கால் என்ற 44 வயதுப் பெண் கார் மோதி இறந்தார். மகளோடு ஒரு விழாவுக்கு வந்தவர். அங்கே மக்களுக்குக் காட்டுவதற்காக ஓட்டிய கார் அது. அதன் வேகம் இன்றைய சைக்கிள் வேகம்கூட இருக்காது. பிரிட்டனில் கார் மோதி இறந்த முதல் பாதசாரி அவர்தான். விசாரணையில் "தற்செயலான சாவு" என்று தீர்ப்பானது, யார்மீதும் வழக்கு இல்லை. இப்படி ஒன்று இனி நடக்கக்கூடாது என்று விசாரணை அதிகாரி சொன்னதாகப் பதிவாகியிருக்கிறது. அதற்குப் பிறகு பிரிட்டன் சாலைகளில் ஐந்து லட்சம் பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள்.

போட்டதை எடுத்த சட்டம்

1903ல் மோட்டார் கார் சட்டம் வந்தது. நம்பர் பிளேட்டும் லைசென்ஸும் கட்டாயமாயின. ஆனால் டெஸ்ட் கிடையாது, 5 ஷில்லிங் கட்டினால் லைசென்ஸ் கையில். வேக வரம்பு 20 மைல் (சுமார் 32 கி.மீ.).

கார்க்காரர்கள் இதையும் மதிக்கவில்லை. 1905ல் அவர்கள் ஒரு சங்கம் அமைத்தார்கள், ஆட்டோமொபைல் அசோசியேஷன் என்று. அதன் முதல் வேலையே போலீஸ் எங்கே மறைந்து நின்று வேகத்தை அளக்கிறது என்று முன்கூட்டியே எச்சரிப்பதுதான். சங்கத்து ஆட்கள் சைக்கிளில் சுற்றி வந்து கார்களுக்குக் கைகாட்டினார்கள். அப்படி எச்சரிப்பது குற்றம் என்று 1910ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. உடனே ஒரு தந்திரம் செய்தார்கள். உறுப்பினர் காரைப் பார்த்தால் சங்கத்து ஆள் சல்யூட் அடிப்பார். அவர் சல்யூட் அடிக்கவில்லை என்றால் முன்னால் போலீஸ் இருக்கிறது என்று அர்த்தம்! சல்யூட் அடிக்காததற்காக ஒருவரைக் கைது செய்ய முடியுமா? இன்று எதிரே வரும் வண்டிக்காரர் நமக்கு ஹெட்லைட்டை மின்னிக் காட்டுகிறாரே, அதற்குத் தாத்தா இந்த சல்யூட்.

கடைசியில் அரசாங்கமே கை கழுவியது. யாரும் மதிக்காத வரம்பால் சட்டத்துக்குத்தான் அவமானம் என்று சொல்லி, 1930 சட்டத்தில் கார்களுக்கான வேக வரம்பை அடியோடு நீக்கிவிட்டார்கள். அதே சட்டத்தில் நல்ல விஷயமும் இருந்தது. தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் கட்டாயமானது, ஆபத்தான முறையில் ஓட்டுவது குற்றமானது, அடுத்த வருடமே சாலை விதிகளைச் சொல்லும் கையேடும் வந்தது. ஆனால் ஊருக்குள் ஒரு கார் எவ்வளவு வேகமாக வேண்டுமானாலும் போகலாம், லைசென்ஸ் வாங்க டெஸ்ட்டும் தேவையில்லை என்றால் என்ன ஆகும்?

1934: 7,343 பேர்

அதுதான் ஆனது. 1934ன் சாவுகளில் ஏறக்குறைய பாதி பாதசாரிகள். பெரும்பாலானவை வீடுகளும் கடைகளும் இருக்கும் தெருக்களில் நடந்தவை. காரில் போனவரைவிட, கார் வாங்க வசதியில்லாமல் நடந்து போனவர்தான் அதிகம் செத்தார்.

அப்போது போக்குவரத்து அமைச்சராக வந்தவர் லெஸ்லி ஹோர் பெலிஷா. அவர் மூன்று வேலைகள் செய்தார். குடியிருப்புப் பகுதிகளில் 30 மைல் (48 கி.மீ.) வேக வரம்பு 1935 மார்ச்சில் வந்தது. புதிதாக ஓட்டுபவர்களுக்கு டிரைவிங் டெஸ்ட் 1935 ஜூனில் கட்டாயமானது. பாதசாரி கடக்கும் இடங்களில் கறுப்பு வெள்ளைக் கம்பமும் அதன் உச்சியில் ஆரஞ்சு நிற உருண்டையும் வைக்கப்பட்டன. அவர் பெயராலேயே "பெலிஷா பீக்கன்" என்று இன்றும் அழைக்கப்படுகிற அந்த உருண்டைகளைச் சிறுவர்கள் குறிபார்த்து அடித்து உடைத்தார்கள். பத்திரிகைகள் கேலி செய்தன.

நாடாளுமன்றத்தில் எதிர்ப்பு எப்படி இருந்தது தெரியுமா? மூர் பிரபசான் என்று ஒரு உறுப்பினர், பிரிட்டனின் முதல் விமான ஓட்டி உரிமம் பெற்றவர். அவர் சொன்ன வாதத்தின் சாரம் இது: அந்தக் காலத்தில் காரில் போய்த் திரும்பினால் ரேடியேட்டரில் கோழி இறகு ஒட்டியிருக்கும், நாய்களும் அடிபடும். இப்போது நாய்கள் விலகப் பழகிவிட்டன. மனிதர்களும் பழகிக்கொள்வார்கள், எல்லாம் தானாகச் சரியாகும். வருடத்துக்கு ஆறாயிரம் பேர் தற்கொலை செய்துகொள்கிறார்கள், அதைப் பற்றி யாரும் கூச்சல் போடவில்லையே என்றும் கேட்டார்.

ஏழாயிரம் சாவுகளை வைத்துக்கொண்டு, நடப்பவன்தான் விலகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்கிற வாதம்! ஆனால் அவர் ஏதோ விசித்திரமான மனிதர் என்று ஒதுக்கிவிட முடியாது. இதே நினைப்பு நம்மில் பலருக்கும் உண்டு. ரோட்டைக் கடக்கும் பாட்டியைப் பார்த்து "வீட்ல சொல்லிட்டு வந்துட்டியா" என்று கத்துகிறவர் சொல்வதும் இதையேதான்.

இதே மூர் பிரபசான் 1940 அக்டோபரில் போக்குவரத்து அமைச்சர் ஆனார். அப்போது போர்க்காலம். ஜெர்மன் விமானங்களுக்குத் தெரியக்கூடாது என்று இரவில் தெருவிளக்கு கிடையாது, கார் முன்விளக்கையும் மூடி வைத்தார்கள். பெட்ரோல் ரேஷனால் வண்டிகள் குறைந்தன. ஆனாலும் 1941ல் 9,169 பேர் சாலையில் இறந்தார்கள். பிரிட்டன் வரலாற்றில் அதுதான் உச்சம். பெர்சி ஷா என்பவர் 1934ல் காப்புரிமை பெற்ற "பூனைக்கண்", அதாவது சாலை நடுவில் பதித்து வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் கண்ணாடி, பரவலானது இந்த இருட்டுக் காலத்தில்தான்.

கார் ஓட்டத் தெரியாத அமைச்சர்

போருக்குப் பிறகு கார்கள் பெருகின. 1951ல் ஜீப்ரா கிராஸிங் வந்தது. 1959ல் எம்1 நெடுஞ்சாலை திறந்தபோது அதில் வேக வரம்பே கிடையாது. 70 மைல் வரம்பு 1965 டிசம்பரில்தான், அதுவும் பரிசோதனை என்ற பெயரில் வந்தது. 1966ல் சாவு 7,985 ஆக ஏறியது. அமைதிக் காலத்தின் உச்சம் இது.

1965 டிசம்பரில் பார்பரா காசில் போக்குவரத்து அமைச்சரானார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. எந்தக் கொம்பனும் தொடத் துணியாத விஷயத்தில் அவர் கை வைத்தார்: குடித்துவிட்டு ஓட்டுவது. அதற்கு முன்பும் அது குற்றம்தான். ஆனால் எவ்வளவு குடித்தால் குற்றம் என்று அளவு இல்லை. கோட்டின்மேல் நேராக நடக்கிறானா என்று பார்த்து முடிவு செய்த காலம். 1967 சட்டம் ஒரு எண்ணைச் சொன்னது: 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். அதற்கு மேல் போனால் நீ தள்ளாடினாயா, தெளிவாகப் பேசினாயா என்ற கேள்வியே இல்லை. 1967 அக்டோபர் 9 முதல் போலீஸ் ஊதச் சொல்லிச் சோதிக்க ஆரம்பித்தது.

பப் நடத்துபவர்கள் பிழைப்பு போயிற்று என்று கொதித்தார்கள். அமைச்சருக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள் வந்தன. கார் ஓட்டத் தெரியாத பொம்பளைக்கு இதைப் பற்றி என்ன தெரியும் என்று பேட்டியிலேயே கேட்டார்கள். ஆனால் முதல் பன்னிரண்டு மாதத்தில் சாவு 1,152 குறைந்தது. ஒரே சட்டம், ஒரே வருடம்!

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கொஞ்ச காலத்தில் மக்களுக்குப் பயம் விட்டுப்போனது. போலீஸ் அப்படியொன்றும் அடிக்கடி நிறுத்துவதில்லை என்று தெரிந்துவிட்டது. சட்டத்தில் இருந்த ஓட்டைகளை வக்கீல்கள் கண்டுபிடித்தார்கள். 1970களின் நடுவில், விபத்தில் இறந்த டிரைவர்களில் அளவுக்கு மேல் குடித்திருந்தவர்களின் பங்கு சட்டம் வருவதற்கு முன் இருந்ததையே தாண்டிவிட்டது. அதே சட்டம், அதே 80 மில்லிகிராம்தான். மாறியது பிடிபடுவோம் என்ற பயம் மட்டுமே. 1980களில் சோதனைக் கருவிகளும் நடைமுறையும் மேம்பட்டு, விடாமல் பிரசாரமும் நடந்த பிறகுதான் நிலைமை நிரந்தரமாக மாறியது. குடிபோதை விபத்துகளில் 1979ல் 1,640 பேர் இறந்தார்கள், 2015ல் சுமார் 200 பேர்.

இதற்கு நேர் எதிரான ஒரு பாடமும் உண்டு. ஸ்காட்லாந்து 2014 டிசம்பரில் 80ஐ 50 ஆகக் குறைத்தது. கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிறகு ஆராய்ந்து பார்த்தபோது விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. கூடுதல் சோதனை இல்லாமல் எண்ணை மட்டும் மாற்றியது காரணமாக இருக்கலாம் என்றார்கள்.

சீட் பெல்ட்: பத்து வருடச் சண்டை

புதிய கார்களில் முன்சீட்டுக்கு பெல்ட் பொருத்துவது 1967லேயே கட்டாயமாகிவிட்டது. ஆனால் போட்டுக்கொள்வது அவரவர் விருப்பம். பத்தில் நான்கு பேர் போலத்தான் போட்டார்கள். போடுவதைக் கட்டாயமாக்கும் மசோதாக்கள் 1970களில் திரும்பத் திரும்ப வந்து தோற்றன. என் உயிர், என் இஷ்டம் என்பதுதான் எதிர்த்தவர்களின் வாதம். 1973ல் பைக்குக்கு ஹெல்மெட் கட்டாயமானபோதும் இதே விவாதம். அப்போது சீக்கியர்கள் தலைப்பாகைக்காகப் போராடி 1976ல் விலக்குச் சட்டமே வாங்கினார்கள்.

1981ல் நாடாளுமன்றம் ஒருவழியாக சம்மதித்தது, மூன்று வருடச் சோதனை என்ற நிபந்தனையோடு. 1983 ஜனவரி 31ல் சட்டம் அமலானது. சில நாட்களிலேயே பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டோர் பெல்ட் போட ஆரம்பித்தார்கள். 1986ல் அதை நிரந்தரமாக்கும்போது எதிர்ப்பு பிசுபிசுத்துப் போயிருந்தது.

எதிர்த்தவர்கள் எல்லோரும் வீம்புக்குப் பேசியவர்கள் அல்ல. லண்டன் பேராசிரியர் ஜான் ஆடம்ஸ் ஒரு கேள்வி கேட்டார். பெல்ட் போட்டால் டிரைவருக்குத் தைரியம் கூடும், கொஞ்சம் வேகமாக ஓட்டுவார், அப்போது ஆபத்து காருக்குள்ளிருந்து வெளியே நடப்பவன் தலையில் போய் விழாதா என்று. பெல்ட் உயிர் காக்கும் என்பதைப் பெரும்பாலான ஆய்வுகள் உறுதி செய்துவிட்டன. ஆனால் யாருடைய பாதுகாப்பு என்ற அவருடைய கேள்வி இன்னும் உயிரோடுதான் இருக்கிறது.

எண்ணிக்கை சொல்லாத விஷயம்

அவரும் மேயர் ஹில்மன், ஜான் வைட்லெக் என்ற இருவரும் சேர்ந்து 1990ல் இங்கிலாந்துப் பள்ளிகளில் ஒரு ஆய்வு செய்தார்கள். 1971ல் ஏழு, எட்டு வயதுக் குழந்தைகளில் 80 சதவீதம் பேர் பெரியவர் துணையில்லாமல் பள்ளிக்குப் போனார்கள். 1990ல் அது 9 சதவீதம். அந்தக் காலத்தில் சாலையில் குழந்தைகளின் சாவு வெகுவாகக் குறைந்திருந்தது உண்மை. ஆனால் சாலை பாதுகாப்பானதால் குறைந்ததா, அல்லது குழந்தைகளைத் தெருவிலிருந்தே எடுத்துவிட்டதால் குறைந்ததா? பாதி பாதி என்றுதான் சொல்ல வேண்டும். நாய்கள் விலகப் பழகின என்று மூர் பிரபசான் சொன்னாரே, கடைசியில் விலகியது குழந்தைகள்.

சாவு குறைந்ததற்கு நல்ல கார், நல்ல ஆம்புலன்ஸ், நல்ல சிகிச்சை எல்லாமும் காரணம். சட்டம் மட்டுமே எல்லாம் செய்தது என்று சொன்னால் அது பொய்.

நின்றுபோன முன்னேற்றம்

1987ல் பிரிட்டன் அரசு முதல்முறையாக ஒரு இலக்கு வைத்தது: 2000க்குள் விபத்துப் பாதிப்பை மூன்றில் ஒரு பங்கு குறைப்பது. சாவு 5,125லிருந்து 3,409 ஆனது. 1992ல் வேகம் பிடிக்கும் கேமரா வந்தது. அடுத்த இலக்கு 2010க்கு. அந்த வருடம் சாவு 1,850.

அதோடு இறக்கம் ஏறக்குறைய நின்றுவிட்டது. 2010ல் வந்த புதிய அரசின் போக்குவரத்து அமைச்சர் ஃபிலிப் ஹாமண்ட், கார் ஓட்டுபவர்கள் மீதான போர் முடிந்தது என்று அறிவித்தார். தேசிய இலக்கு வைக்கும் வழக்கம் கைவிடப்பட்டது, போக்குவரத்து போலீசார் எண்ணிக்கையும் குறைந்தது. 2019ல் சாவு 1,752. ஒன்பது வருடத்தில் நூறுதான் குறைந்திருக்கிறது. 2023 செப்டம்பரில் வேல்ஸ் அரசு ஊருக்குள் வரம்பை 30லிருந்து 20 மைலாகக் குறைத்தபோது, அதை எதிர்த்து நான்கரை லட்சம் பேருக்கு மேல் மனுவில் கையெழுத்திட்டார்கள். 1896ல் தொடங்கிய சண்டை இன்னும் முடியவில்லை!

நமக்கு என்ன?

இந்தியாவின் மோட்டார் வாகனச் சட்டங்களின் வேர் பிரிட்டிஷ் ஆட்சியில்தான் இருக்கிறது. 1914லும் 1939லும் அவர்கள் போட்டவைதான் முன்னோடி. இன்று நம்மிடம் உள்ள 1988 சட்டப்படி ரத்தத்தில் ஆல்கஹால் வரம்பு 30 மில்லிகிராம். இங்கிலாந்தில் 80. அதாவது தாளில் நாம் அவர்களைவிட இரண்டரை மடங்கு கறார்! ஆனால் 2022ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஸ்காட்லாந்துப் பாடம் நமக்கு இன்னும் பல மடங்கு பொருந்தும். 2019ல் அபராதத்தை உயர்த்தியபோது சில மாநிலங்கள் உடனே குறைத்துக்கொண்டன. யாரும் மதிப்பதில்லை என்று 1930ல் பிரிட்டன் பின்வாங்கியது நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. 2022ல் இறந்தவர்களில் 44 சதவீதத்துக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள், கிட்டத்தட்ட 20 சதவீதம் நடந்து போனவர்கள். காரின் சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் இவர்களுக்கு எதுவும் செய்யாது. எனவே நாம் பார்த்துக் கற்க வேண்டியது 1983ன் பிரிட்டனை என்பதைவிட 1934ன் பிரிட்டனை என்பேன். நடப்பவர்களே அதிகம் சாகிறார்கள் என்று கணக்கு சொன்னபோது அவர்கள் தெருவில் வேகத்தைக் குறைத்தார்கள், கடக்க ஓர் இடம் ஒதுக்கினார்கள், லைசென்ஸுக்கு உண்மையான டெஸ்ட் வைத்தார்கள். மூன்றுமே பெரிய செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மூன்றையும் அன்றைக்குக் கேலி செய்தார்கள். இன்றைக்கு அங்கே டெஸ்ட் இல்லாமல் லைசென்ஸ் தரலாம் என்று சொல்ல ஒருவரும் கிடைக்க மாட்டார்.

அடுத்த முறை ஹெல்மெட் சோதனையில் மாட்டிக்கொண்டு "காசு பறிக்கிறானுங்க" என்று திட்டும்போது, அந்தக் கோபத்துக்கு நூறு வருட வயதாகிறது என்பதை நினைத்துப் பாருங்கள். காசு வாங்கிக்கொண்டு விடுகிற போலீஸ் மேல் கோபப்படுவது நியாயம். ஆனால் சோதனையே வேண்டாம் என்றால், பார்பரா காசிலின் சட்டத்துக்கு 1970களில் நேர்ந்ததுதான் இங்கேயும் நேரும். புத்தகத்தில் சட்டம் அப்படியே இருக்கும், சாவு எண்ணிக்கை மட்டும் ஏறிக்கொண்டே போகும்.